முதலில் ஃபிளை, அப்புறம் கருவி

ஃபிளை கட்டப் பழகணும் என்று யாராவது வந்து கேட்டால், "எந்தத் தண்ணீரில், எந்த மீனுக்கு?" என்றுதான் முதலில் கேட்பேன். என்ன கருவி வாங்கலாம் என்ற பேச்செல்லாம் அதற்கு அப்புறம்தான். கையில் காசு குறைவாக இருப்பவர்களுக்கு இந்த வரிசை ரொம்ப முக்கியம். எந்த ஃபிளை என்று முடிவாகிவிட்டால், அதற்கு வேண்டிய சாமான் நாலு வரிப் பட்டியலில் அடங்கிவிடும். முடிவாகாமல் கடைக்குப் போனால், அங்கே தொங்குகிற இறகுப் பாக்கெட்டுகள் எல்லாமே அவசியமானவையாகத் தெரியும்.

பழக்கமில்லாதவர்களுக்காக ஒரு விளக்கம். ஃபிளை ஃபிஷிங்கில் மண்புழு, மாவு உருண்டை மாதிரியான இரை கிடையாது. சின்னத் தூண்டில் முள்ளின்மேல் இறகு, கம்பளி, செம்புக் கம்பி, நூல் இவற்றைச் சுற்றிக் கட்டி, ஒரு பூச்சியாகவோ புழுவாகவோ குட்டி மீனாகவோ மீனின் கண்ணுக்குத் தெரியும்படி செய்கிறோம். அதுதான் ஃபிளை. அதற்கென்று எடை அநேகமாக இல்லை. தடித்த லைனின் எடைதான் அதைத் தூரத்துக்குக் கொண்டுபோகிறது. கடையில் ஒரு ஃபிளை மூன்று நாலு டாலர். மரக்கிளையில் ஒன்று, பாறை இடுக்கில் ஒன்று என்று ஒரே காலையில் இருபது டாலர் போய்விடும்.

நான் இருப்பது டொராண்டோவின் கிழக்குப் பக்கம், ஸ்கார்பரோவில். ஊரிலிருந்து வந்து, ஒரே சம்பளத்தில் வாடகையும் குழந்தையின் செலவும் ஓடிக்கொண்டிருந்த நாட்களில்தான் இதில் இறங்கினேன். தென் ஒன்ராறியோவில் பெரும்பாலான ஆறுகளில் ட்ரவுட் மீன் பிடிக்கும் காலம் ஏப்ரல் நான்காம் சனிக்கிழமை தொடங்கி செப்டம்பர் 30 வரை. மீதி மாதங்கள் பனி. அந்த நீண்ட குளிர்காலம்தான் ஃபிளை கட்டுகிறவர்களுக்குச் சீசன். இரவு சாப்பாடு முடிந்ததும் சமையலறை மேசையைத் துடைத்துவிட்டு உட்காரலாம். வெளியே போகிற செலவும் இல்லை.

போன குளிர்காலத்தில் படிப்புக்காக இங்கே வந்திருக்கும் ஒரு தம்பி கேட்டார்: "அண்ணா, ஒரு கிட் வாங்கிட்டா போதுமா? எல்லாமே அதுல இருக்கே."

"அதுல இருக்கிற இறகை வச்சு என்ன ஃபிளை கட்டப்போறீங்க தம்பி?" என்றேன்.

அவருக்குச் சொன்னதையே இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். தொடக்கக்காரர்களுக்கு என்று விற்கும் பெட்டிகளில் கருவிகள் பரவாயில்லாமல் இருக்கலாம். சிக்கல் பொருட்களில்தான். எல்லாவற்றிலும் ஒரு சிட்டிகை போட்டிருப்பார்கள்: பச்சை இறகு ரெண்டு, மஞ்சள் முடி கொஞ்சம், ஏதோ ஒரு அளவில் பத்து முள். ஒரே ஃபிளையைத் திரும்பத் திரும்பக் கட்டும் அளவுக்கு ஒன்றுகூடத் தேறாது. கை பழகுவதோ ஒரே ஃபிளையைத் திரும்பத் திரும்பக் கட்டுவதில்தான் இருக்கிறது.

அந்தத் தம்பிக்குக் கார் கிடையாது. பஸ்ஸிலும் சப்வேயிலும் போய் மீன் பிடிக்கக்கூடிய இடம் வேண்டும். ஹை பார்க்கில் இருக்கிற கிரெனடியர் குளம் அதற்கு நல்ல இடம். ஸ்கார்பரோவிலிருந்து தூரம்தான், ஆனால் ரயில் நிலையம் பூங்கா வாசலிலேயே. அங்கே புளூகில், பம்ப்கின்சீட் என்று உள்ளங்கை அளவு சன்ஃபிஷ் நிறைய. கோடைத் தொடக்கத்தில் கரையோரம் ஆழமில்லாத இடத்தில் கூடு அமைத்துக் காவல் நிற்கும். அருகில் விழுகிற சின்னப் பூச்சியை விடாது. லைசென்ஸ் மட்டும் முறைப்படி எடுத்துக்கொள்ள வேண்டும். 18 முதல் 64 வயது வரை உள்ளவர்களுக்கு அது கட்டாயம். அதைச் செலவுக் கணக்கில் முதல் வரியாகப் போட்டுவிட்டு மீதியை யோசிக்கலாம்.

சன்ஃபிஷ் என்று முடிவானதும் ஃபிளையும் முடிவாகிவிட்டது: ஃபோம் வண்டு. மிதக்கும், கண்ணுக்குத் தெரியும், சாமான் விலை சொற்பம். டாலர் கடையில் குழந்தைகளின் கைவேலைக்கு விற்கிற 2 மில்லிமீட்டர் ஃபோம் தாள் ஒன்று போதும். ஒரு தாளில் நூற்றுக்கணக்கான வண்டு வரும். கால்களுக்குக் காய்கறிக் கட்டில் வருகிற ரப்பர் பேண்ட். உடம்புக்குப் பழைய ஸ்வெட்டரிலிருந்து உருவிய கருப்புக் கம்பளி. கடைசியில் பூசுவதற்கு நிறமில்லாத நகப்பூச்சு. காசு கொடுத்து வாங்கியே தீர வேண்டியவை முள்ளும் நூலும்தான்.

கட்டுவது இப்படி. 10-ஆம் நம்பர் முள்ளை வைஸில் (முள்ளை அசையாமல் பிடிக்கும் பிடிப்பான்) வளைவுப் பக்கம் பிடித்து மாட்டுங்கள். (முள் நம்பர் கூடக்கூட அளவு சிறுக்கும், 16 என்றால் அரிசிமணி நீளம் என்று வைத்துக்கொள்ளலாம்.) முள்ளின் கண்ணுக்கு (தூண்டில் கயிறு கட்டுகிற வளையம்) கொஞ்சம் பின்னால் நூலைத் தொடங்கி, முதல் சுற்றின்மேலேயே அடுத்த சுற்று ஏறும்படி தண்டு முழுக்க வளைவு வரைக்கும் சுற்றுங்கள். இங்கே முடிச்சே கிடையாது. பூ கட்டத் தெரிந்தவர்களுக்கு இது உடனே பிடிபடும்: நூலின் இழுவைதான் எல்லாவற்றையும் பிடித்து நிறுத்துகிறது, கை தளர்ந்தால் எல்லாம் உருவிக்கொண்டு வந்துவிடும். முள்ளின் வாய் அகலத்துக்கு (முனைக்கும் தண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி) ஃபோமில் ஒரு பட்டை வெட்டி, அதன் நுனியை வளைவின்மேல் வைத்து, முதல் ரெண்டு சுற்றை லேசாகவும் அடுத்த சுற்றுகளை இறுக்கமாகவும் போடுங்கள். எடுத்த எடுப்பிலேயே இறுக்கினால் நூல் ஃபோமை வெட்டிவிடும். பட்டையின் மிச்சம் பின்பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கட்டும். கம்பளியைக் கட்டி முன்பக்கமாகச் சுற்றிக்கொண்டு வாருங்கள். கண்ணுக்கு ரெண்டு மில்லிமீட்டர் முன்பாக நிறுத்திவிடுங்கள். பின்னால் நீட்டியிருக்கும் ஃபோமை முதுகின்மேல் மடக்கிக் கொண்டுவந்து அங்கே கட்டுங்கள். ரெண்டு பக்கமும் ரப்பர் துண்டை வைத்து ரெண்டிரண்டு சுற்று. முன்னால் துருத்தும் ஃபோமைக் கொஞ்சம் விட்டு வெட்டினால் அதுதான் தலை. முதுகில் ஆரஞ்சு ஃபோமில் ஒரு சின்னப் பொட்டு ஒட்டிவிடுங்கள். மீனுக்கு அது தெரியாது, கரையில் நிற்கிற நமக்குத் தெரியும்.

முடிப்பதற்கு விப் ஃபினிஷ் என்று ஒரு கட்டு இருக்கிறது, அதற்கென்று கருவியும் இருக்கிறது. விரலாலேயே போடலாம். அது கைவரும் வரை, தீர்ந்துபோன பால்பாயின்ட் பேனாவின் முனைக் குழாயில் நூலை ஒரு சுற்றுச் சுற்றி, குழாயை முள்ளின் கண்மேல் வைத்து வளையத்தைத் தள்ளிவிட்டால் அரை முடிச்சு விழும். அப்படி மூன்று நாலு போட்டு, நகப்பூச்சை ஊசி நுனியால் ஒரு சொட்டு வைத்தால் பிரியாது.

இதையே பத்துப் பதினைந்து கட்டி முடிக்கும் வரை வேறு ஃபிளையைத் தொட வேண்டாம். பத்தாவது வண்டு முதல் வண்டைவிடப் பாதி நேரத்தில் முடிந்துவிடும். அந்த வேகத்தில்தான் கை எங்கே தேறியிருக்கிறது என்று தெரியும்.

இனி கருவி. வைஸ் என்பது முள்ளை அசையாமல் பிடிக்கும் பிடிப்பான், அவ்வளவுதான். நூறு ஆண்டுகளுக்கு முன்பு வைஸே இல்லாமல் விரலில் முள்ளைப் பிடித்துக்கொண்டு கட்டியவர்கள் ஏராளம். இங்கே இருபத்தைந்து முப்பது டாலருக்குக் கிடைக்கிற மலிவான வைஸ்களில் பல நம் இந்தியாவில் செய்தவை. அதில் ஒன்றே எனக்குப் போதுமானதாக இருந்தது. அந்தப் பணமும் இல்லையென்றால், பூட்டுகிற வகைக் குறடு ஒன்றை மேசை விளிம்பில் சி-கிளாம்ப் போட்டு நிறுத்திக்கொள்ளலாம். வண்டு அளவு ஃபிளைக்கு அது தாங்கும். 16-ஆம் நம்பர் முள்ளுக்குத் தாடை பெரிதாகி விரல் இடிக்கும்.

காசைக் கொஞ்சம் தாராளமாகவே செலவழிக்க வேண்டிய இடம் பாபின் ஹோல்டர். நூல் உருளையைப் பிடித்துக்கொண்டு, சின்னக் குழாய் வழியாக நூலை விடுகிற கருவி அது. மிக மலிவானவற்றில் குழாயின் வாய் சொரசொரப்பாக இருக்கும். இறுக்கும்போதெல்லாம் நூல் அறுந்துவிடும். புதிதாகக் கற்கிறவர் தன் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொள்வார். வாங்கும்போதே ஒரு பஞ்சு இழையைக் குழாய் வாயில் தேய்த்துப் பாருங்கள், சிக்கினால் வேண்டாம். வாயில் பீங்கான் வளையம் வைத்தது பதினைந்து டாலர் பக்கம் வரும். வைஸில் மிச்சம் பிடித்து இதில் போடலாம் என்பது என் கருத்து.

நூலில் தையல் நூலையே பயன்படுத்தலாமா என்று பலர் கேட்கிறார்கள். 8, 10-ஆம் நம்பர் முள்ளுக்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம், பாலியெஸ்டர் நூல் நல்ல உறுதி. சின்ன முள்ளுக்குப் போகும்போதுதான் அதன் தடிமன் தொந்தரவு. நாலு சுற்றிலேயே கண் அடைத்துக்கொள்ளும். அப்போது 70 டெனியர் (டெனியர் என்பது நூல் தடிமனின் அளவு) நூல் கருப்பில் ஒன்று, பழுப்பில் ஒன்று வாங்கினால் வருஷக்கணக்கில் வரும். கத்தரிக்கோல் எம்ப்ராய்டரிக்கு வைத்திருப்பதே போதும். நூலையும் இறகையும் நுனியால் வெட்டுங்கள். செம்புக் கம்பியை அடிப்பக்கத்தால் வெட்டுங்கள், நுனி மழுங்காது.

முள்ளில் மட்டும் ஆகக் குறைந்த விலையைத் தேடிப் போகாதீர்கள். பெயரில்லாத பாக்கெட் வாங்கினால் ஒன்றை வைஸில் மாட்டி விரலால் அழுத்திப் பாருங்கள். வளைந்து அப்படியே நின்றால் இரும்பு மென்மை. பட்டென்று ஒடிந்தால் சூட்டில் கெட்டது. நல்ல முள் வளைந்து உடனே திரும்ப வரும். முனைக்குக் கீழே பின்னோக்கி நிற்கும் பல்லைக் கட்டத் தொடங்கும் முன்பே குறடால் நசுக்கிவிடுங்கள். மீனை அதிகக் காயமில்லாமல் திருப்பி விடலாம், நம் விரலில் ஏறினாலும் சுலபமாக வெளியே வரும். கிராண்ட் ஆற்றில் சில பகுதிகளில் பல் இல்லாத ஒற்றை முள்தான் சட்டப்படியே அனுமதி.

கிராண்ட் ஆற்றைச் சொன்னதும் அடுத்த ஃபிளைக்கு வந்துவிடலாம். ஃபெர்கஸ் ஊருக்கு மேலே 1942-இல் கட்டி முடித்த ஷாண்ட் அணை இருக்கிறது. அதன் அடியிலிருந்து வெளியேறும் குளிர்ந்த நீரில்தான் பிரவுன் ட்ரவுட் விட்டு வளர்க்கிறார்கள். அங்கே எனக்கு மிகவும் பிடித்த ஃபிளை ஃபெசன்ட் டெய்ல் நிம்ஃப் (நிம்ஃப் என்றால் தண்ணீருக்குள் வாழும் இளம் பூச்சி). மிகக் குறைந்த செலவில் கட்டக்கூடியதும் அதுதான்.

அதை உருவாக்கியவர் ஃபிராங்க் சாயர், இங்கிலாந்தில் வில்ட்ஷையர் ஏவன் ஆற்றின் காவலராக இருந்தவர். அவர் கட்டிய முறையில் ரெண்டே பொருள்: ஃபெசன்ட் பறவையின் வால் இறகு, மெல்லிய செம்புக் கம்பி. நூலே கிடையாது. கம்பிதான் கட்டுகிறது, கம்பிதான் மூழ்கும் எடையைத் தருகிறது, இறகுக்கு நடுவே மினுமினுப்பதும் கம்பிதான். 14-ஆம் நம்பர் முள்ளில் கம்பியைச் சுற்றி, முன்பக்கம் ஒரு சின்ன மேடு எழுப்ப வேண்டும். நாலு இறகு இழைகளை நுனி வால்போல நீளும்படி வளைவருகே கட்டி, அதே இழைகளைக் கம்பியோடு சேர்த்து முறுக்கி முன்னோக்கிச் சுற்றினால் உடம்பு. மிச்சத்தை மேட்டின்மேல் முன்னும் பின்னுமாக மடக்கிக் கட்டினால் முதுகு. ஒரு வால் இறகின் விலை இரண்டு மூன்று டாலர், அதில் சில டஜன் ஃபிளை வரும். கம்பிக்கு, வீட்டில் வீணான ஒயரின் உறையை உரித்தால் உள்ளே முடிபோல இழைகள் இருக்கும். ஒரு முழ நீளத் துண்டு இருந்தால் போதும். (மின்சாரத்தில் மாட்டியிருக்கும் எதையும் வெட்ட வேண்டாம், தூக்கிப்போட வைத்திருக்கும் ஒயரில் எடுங்கள்.)

அதே சாயர், கிரேலிங் மீனுக்காக இன்னொன்று கட்டினார், கில்லர் பக் என்று பெயர். முள், கம்பி, சாக்ஸ் ஓட்டை தைக்கும் கம்பளி. அதோடு சரி. அவர் பயன்படுத்திய சாட்விக்ஸ் 477 என்ற கம்பளி, ஈரமானால் மெல்லிய இளஞ்சிவப்பு கலந்த நிறத்துக்கு மாறும். அந்தக் கம்பளி உற்பத்தி நின்றுபோன பிறகு, மிச்சமிருந்த கம்பளி சுற்றிய அட்டைகளைப் பெரிய விலை கொடுத்து வாங்கியவர்கள் உண்டு. நாம் அந்தப் பக்கம் போக வேண்டாம். பழைய துணிக் கடையில் சாம்பலும் பழுப்பும் இளஞ்சிவப்பும் கலந்த கம்பளி ஸ்வெட்டர் கிடைத்தால், ஒரு இழையைப் பிரித்துத் தண்ணீரில் நனைத்துப் பாருங்கள். உலர்ந்த நிறம் எதற்கும் உதவாது, மீன் பார்ப்பது நனைந்த நிறத்தைத்தான். லேபிளில் நூறு சதவீதம் கம்பளி என்று போட்டிருந்தால் நல்லது. அக்ரிலிக் தண்ணீரை அவ்வளவாக உறிஞ்சாது.

மூன்றாவதாக வூலி பகர். 1967-இல் பென்சில்வேனியாவில் ரஸ்ஸல் பிளெஸ்ஸிங் என்பவர் ஸ்மால்மவுத் பாஸ் என்ற மீனுக்காகக் கட்டியது. ஆற்றடியில் ஊரும் ஒரு பெரிய பூச்சிப் புழுவை மனதில் வைத்துச் செய்தார். இன்று உலகம் முழுக்க எல்லா மீனுக்கும் போடுகிறார்கள். வாலுக்கு மாரபூ வேண்டும். பெயர் நாரை இனத்துப் பறவையினுடையதாக இருந்தாலும் இப்போது விற்பது வான்கோழியின் அடிப்பஞ்சு இறகு. கைவேலைக் கடையில் மாலைபோல விற்கிற மாரபூ சரம் ஒன்று, மீன்பிடிக் கடையின் பாக்கெட்டைவிட மலிவு, அளவும் அதிகம். சில இறகு குட்டையாக இருக்கும், கழித்துவிடலாம்.

இறகு விஷயத்தில் ரெண்டு எச்சரிக்கை. இரண்டாம் கையாக வாங்கும் இறகோ தோலோ எதுவானாலும் ஜிப் பையில் போட்டு மூடி சில நாள் ஃப்ரீஸரில் வையுங்கள். வெளியே எடுத்து ரெண்டு நாள் விட்டு மறுபடி வையுங்கள். அந்துப்பூச்சி முட்டை ஒன்று உள்ளே வந்தால் சேர்த்து வைத்த எல்லாம் போய்விடும். மேசைமேல் வைக்கும் முன் இது கட்டாயம்.

அடுத்தது நம் ஊர் சம்பந்தப்பட்டது. மயிற்பீலியின் பச்சை இழை ஃபிளை உடம்புக்கு அற்புதமான பொருள். தண்ணீருக்குள் அதன் மினுக்கத்துக்கு ஈடாக நான் வேறு ஒன்றும் பார்த்ததில்லை. நான் இதில் இறங்கியது தெரிந்ததும் அம்மா ஃபோனில், "முருகன் கோயில் வாசல்ல கட்டுக் கட்டா விக்குதே, வரும்போது எடுத்துட்டு வரட்டுமாடா?" என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தானாக உதிர்ந்த பீலியை நாட்டுக்குள் விற்கலாம், வெளிநாட்டுக்குக் கொண்டுபோகத் தடை இருக்கிறது. இங்கே ஒரு டாலர் ரெண்டு டாலருக்கு ஒரு பீலி முறையாகவே கிடைக்கிறது. அதில் கண்ணுக்குக் கீழே உள்ள இழைகளே பல டஜன் ஃபிளைக்கு வரும். அதேபோல, மேற்குத் தொடர்ச்சி மலையில் திரியும் நம் சாம்பல் காட்டுக்கோழியின் கழுத்து இறகுக்காக ஒரு காலத்தில் ஐரோப்பிய சால்மன் ஃபிளை கட்டுபவர்கள் தவம் கிடந்தார்கள். மெழுகு பூசிய மாதிரி மின்னும் வெள்ளையும் மஞ்சளுமான புள்ளி அந்த இறகில் இருக்கும். இந்தியாவில் 1972 வனவிலங்குச் சட்டம் அந்தப் பறவையைக் காக்கிறது. இப்போது சந்தைக்கு வருவது வெளிநாட்டுப் பண்ணைகளில் வளர்த்த பறவைகளின் இறகு. நம் காட்டின் பறவை காட்டிலேயே இருக்கட்டும் என்பதில் எனக்கு உறுதி உண்டு. ஏரிக்கரையில் கிடக்கும் காட்டுப் பறவை இறகையும் பொறுக்காமல் இருப்பதே நல்லது. கோழி, வான்கோழி, ஃபெசன்ட் இந்த மூன்றுமே ஒரு ஆயுசுக்குப் போதும்.

லைசென்ஸ் நீங்கலாக மொத்தக் கணக்கு என்ன ஆகிறது? வைஸ் முப்பது, பாபின் ஹோல்டர் பதினைந்து, ஒரு பாக்கெட் முள் எட்டு, நூல் நாலு, ஃபோமும் நகப்பூச்சும் சேர்த்து நாலைந்து. அறுபது டாலருக்குக் கொஞ்சம் மேலே, வரி சேர்த்தால் எழுபது பக்கம். கடையில் வாங்கும் இருபது ஃபிளைக்குச் சமம். குறடை வைத்துத் தொடங்கினால் இதில் பாதி. ரெண்டாவது குளிர்காலத்தில் ஃபெசன்ட் வாலும் 14-ஆம் நம்பர் முள்ளும், அதற்கடுத்து மாரபூவும் என்று ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம். எடைக்காகத் தலையில் கோக்கும் டங்ஸ்டன் மணி, உயர்ரகச் சேவல் கழுத்துத் தோல் போன்றவை நல்லவைதான், விலையும் அதற்கேற்ப. அவற்றைக் கேட்கிற ஃபிளை எதையும் முதல் ரெண்டு வருஷம் நீங்கள் கட்டத் தேவையில்லை. தலையில் மணி வேண்டுமென்றால் கைவேலைக் கடைக் கண்ணாடி மணி இருக்கிறது. முள்ளின் பல்லை நசுக்கியபின் கோத்தால் எளிதாக ஏறும்.

கற்றுக்கொள்ளக் காசே வேண்டாம். டொராண்டோ பொது நூலகத்தில் ஃபிளை கட்டுவது பற்றிய புத்தகங்களை எடுக்கலாம். ஃபிளை ஃபிஷிங் கிளப்புகள் குளிர்காலத்தில் கட்டும் மாலைகள் நடத்துகின்றன. போய் உட்கார்ந்தால் பெரியவர்கள் வைஸையும் கொடுத்து, கைபிடித்தும் காட்டுவார்கள். வயதாகி ஆற்றுக்குப் போவதை நிறுத்தியவர்கள் பெட்டி பெட்டியாக இறகு வைத்திருப்பார்கள். பயன்படுத்துகிற ஒருவரிடம் போய்ச் சேர்ந்தால் அவர்களுக்குச் சந்தோஷம். என்னிடம் உள்ள கோழி இறகில் பெரும்பாதி அப்படி வந்ததுதான்.

கோணலாக வந்த ஃபிளையையும், மீன் கடித்துப் பிய்ந்த ஃபிளையையும் தூக்கிப்போடாதீர்கள். ஒரு பழைய டப்பாவில் சேர்த்து வையுங்கள். டப்பா நிறைந்ததும் ஒரு பிளேடை எடுத்து, தண்டின் நீளவாக்கில், கையிலிருந்து விலகிப் போகிற திசையில் நூலை வழித்தால் எல்லாம் கழன்று வெறும் முள் கிடைக்கும். துருப்பிடித்ததைக் கழித்து, மீதியின் முனையை நகத்தின்மேல் வைத்து இழுத்துப் பாருங்கள். வழுக்கினால் சின்ன அரத்தில் ரெண்டு தேய்ப்பு, பிடித்தால் அப்படியே மறுபடி வைஸில் மாட்டலாம்.